இடப்பக்கத்தில் உட்கார்ந்தவள்

என் கனகாக்காவுக்கு,

உன் கடைசி நாவல் வெளிவந்துவிட்டது. ‘அரக்குக் கரை’ என்ற தலைப்பை மாற்றவில்லை. அட்டை நீ ஆசைப்பட்ட அதே அடர்ந்த அரக்கு நிறம். உன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, தாளும் நல்ல தாள். நல்லவற்றைச் சொல்லி முடித்துவிட்டேன். இனிச் சொல்லப்போவது வேறு: அதன் கடைசி அத்தியாயத்தை நீ எழுதவில்லை.

வேறு யாரோ எழுதியிருக்கிறார். பெயர் இல்லை. ‘ஆசிரியர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு நிறைவு செய்யப்பட்டது’ என்று முதல் பக்கத்தின் அடியில், தேடினால் மட்டும் தெரியும் அளவில் ஒரு வரி. எந்தக் குறிப்புகள்? பகலெல்லாம் தறியில் இருந்தபடி மனத்துக்குள் எழுதி, எழுந்த பிறகு தாளில் இறக்கி வைப்பவள் நீ. குறிப்பு எடுக்கும் வழக்கமே உனக்கு இருந்ததில்லையே.

நான் குரல் உயர்த்துகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் இத்தனை ஆண்டுகள் வரலாறு நடத்தியும் ஒரு மாணவனைக்கூட அதட்டியதில்லை. இப்போதும் அதட்டப்போவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான். உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்ல நேரும். பொறுத்துக்கொள்.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் உன் கணவரான மாமாவோடு தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தாய். அதே வீட்டில் வாரப் பத்திரிகைகளுக்குச் சரித்திரத் தொடர்கதைகள் எழுதினாய். கோட்டை, காதல், கொலை, யார் கொன்றது என்று வாரக்கணக்கில் வாசகரைத் தவிக்கவிடும் சாமர்த்தியம். வரலாறு படித்த தம்பியாகிய நான், நீ எப்போது வேண்டுமானாலும் புரட்டிக்கொள்ளும் அகராதி. கதையை மட்டும் அச்சாகும்வரை என் கண்ணில் காட்டமாட்டாய்.

ஒரு நாள் நீ கேட்ட கேள்வி இப்போது மிகத் துல்லியமாக நினைவுக்கு வருகிறது. “வாத்தியாரே, நாயக்கர் காலத்துல நம்ம ஊர்ல கோர்வை இருந்திச்சா?” என்றாய். இருந்ததற்குச் சான்று இல்லை என்றேன்.

“இல்லைன்றதுக்குச் சான்று இருக்குதா?”

அதுவும் இல்லை என்றேன்.

“அப்ப என் வேலை முடிஞ்சிது. நீ போயி பேப்பர் திருத்து.”

எதற்குக் கேட்டாய் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. கோர்வை என்பது உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. தறியில் நெய்பவர் வலப்பக்கத்தையும் உடலையும் பார்த்துக்கொள்வார். இடப்பக்கத்துக் கரைக்கான நூலை ஓட்டும் நாடாவைத் தள்ள அங்கே இன்னொருவர் உட்கார வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் துணி வளரும். நம் தெருவில் இது பேச்சுக்குரிய விஷயமே அல்ல. சோற்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதைப் போன்றது.

போன ஞாயிற்றுக்கிழமை என் செவிலிமேட்டு வீட்டில் காலைச் சிற்றுண்டிக்குப் பின் உன் புத்தகத்தை எடுத்தேன். விழாப் பட்டைக் கோயிலில் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலையில் கதை தொடங்குகிறது. அம்மனுக்கான பட்டு ஏகம்பனின் தறியில் இருக்கிறது. பச்சை உடல், அரக்குக் கரை, கோர்வை. கோயில் கணக்கர் வந்து அதுவரை நெய்த இடத்தில் மஞ்சளால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறார். ஏகம்பனின் தம்பி மாகறலில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறான் என்று போகிற போக்கில் ஒரு வரி. நானும் போகிற போக்கில்தான் படித்தேன்.

அடுத்த அத்தியாயம் விடியற்காலை. கோயில் கருவூலமான பண்டாரத்தின் அதிகாரி குளத்துப் படியில் செத்துக் கிடக்கிறார். நடுவில் கிடந்த இரவைப் பற்றி நீ ஒரு சொல்கூட எழுதவில்லை. சரிகைப் பொன்னில் கலப்படம் என்று முந்தின நாள் சபையில் அந்த அதிகாரியைக் குற்றம்சாட்டியவன் ஏகம்பன். ஆகவே பழி அவன்மேல் விழுகிறது. அதிகாரியின் மகள் மங்கை. அவளுக்கும் ஏகம்பனுக்கும் இடையில் இருந்ததை ஊர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவள் தறிவீட்டுப் பக்கம் போகாதபடி அன்றிரவு அவள் வாசலில் காவல் வைக்கப்பட்டிருந்தது. காவலிருந்தவன் காவல்தலைவன் திம்மையன், அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை. விடியும்வரை வாசலை விட்டு அகலவில்லை, மங்கை உள்ளேதான் இருந்தாள் என்று அவன் சபையில் சாட்சி சொல்கிறான்.

பிறகு ஏகம்பனைக் கேட்கிறார்கள். தறியில் இருந்தேன் என்கிறான். கூட யார்? தனியாக இருந்தேன் என்கிறான். சான்று உண்டா?

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன், அக்கா.

சான்று உண்டு. மஞ்சள் கோட்டுக்கு மேல் வளர்ந்திருக்கும் துணியே சான்று. ‘வந்து அளந்து பாருங்கள்’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அவன் தலை தப்பும். அவனோ ‘இல்லை’ என்கிறான். ஏன்? அளக்க வருகிற சபை காஞ்சிபுரத்துச் சபை. முதல் பார்வையிலேயே கேட்பார்கள்: கோர்வை வளர்ந்திருக்கிறதே, தம்பி மாகறலில் கிடக்கிறானே, இடப்பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

மறுபடி திறந்து, படித்த பக்கங்களுக்கே திரும்பினேன். மறுநாள் காலையில் மங்கையின் விரல் நுனிகள் சிவந்திருப்பதைப் பார்த்துத் தோழி ‘மருதாணியா?’ என்கிறாள். ‘ஆமாம்’ என்று கையை மடக்கிக்கொள்கிறாள் மங்கை. ஈரக் கையில் ஒட்டிய கரைச்சாயம் அது. அப்படியானால் அவள் வீட்டில் இல்லை, ஏகம்பனின் தறியில் இருந்தாள்; அவள் பெயர் வெளிவராமல் காக்கவே அவன் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டில் இல்லையென்றால், விடியும்வரை வாசலில் நின்றேன் என்ற திம்மையன் பொய் சொல்கிறான். அவள் இருந்ததற்குச் சாட்சி சொல்வதுபோலத் தான் இருந்ததற்கு அவன் சாட்சி தேடிக்கொள்கிறான். காவல் இருந்த வாசலை அவள் எப்படிக் கடந்தாள்? காவல்காரன் கொலை செய்யப் போயிருந்தான், அதனால் கடந்தாள். அதிகாரி செத்தால் பழி ஏகம்பன்மேல் விழும், மங்கை தனக்காவாள் என்பது அவன் கணக்கு.

நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். தறியில் ஒருவர் உட்காரும் இடம் எது என்ற ஒரே ஒரு செய்தி. அதைக்கூட நீ சொல்லவில்லை, படிப்பவர் கையில் விட்டுவிட்டாய். அதைப் பிடித்து இழுத்தால் காதலி யார், காதலன் ஏன் வாய் திறக்கவில்லை, கொன்றவன் யார் என்ற மூன்றும் ஒன்றாக வருகின்றன. பல்கலைக்கழகத்தில் நான் படித்த ஆய்வுகளில் இவ்வளவு குறைந்த சான்றைக் கொண்டு இவ்வளவு உறுதியாக நிறுவியதை நான் பார்த்ததில்லை. எங்கே கற்றாய் இதை? எப்போது யோசித்தாய்? மாமா அந்தப் பக்கமும் நீ இந்தப் பக்கமுமாக, பாட்டுக் கேட்டபடி நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த எந்த மத்தியானத்தில் இது உனக்குள் வந்தது?

உன் முடிவையும் படித்தேன். ஏகம்பனை வடக்கு வாயில் வழியாகக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தந்தையின் காரியம் முடியும்வரை உள்ளே அடைபட்டிருந்த மங்கைக்குப் பிறகுதான் செய்தி தெரிகிறது. விழாவில் அம்மன் அந்தப் பட்டை உடுத்தி வருகிறாள். மங்கை கூட்டத்தில் நிற்கிறாள், பக்கத்தில் திம்மையன். அவள் அவன் பக்கம் திரும்பி, ‘அன்றிரவு என் வாசலில் நீர்தானே இருந்தீர்?’ என்று கேட்கிறாள். ‘ஆம்’ என்கிறான். அங்கே முடித்திருக்கிறாய். அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் என்ன செய்யப்போகிறாள்?

பக்கத்தைப் புரட்டினேன். அங்கே ஒரு சாமியார் வருகிறார்.

ஆமாம், அக்கா, சாமியார். அதுவரை கதையில் தலைகாட்டாத ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்து, பண்டாரத்து நகைக்கு ஆசைப்பட்டு அதிகாரியைக் கொன்றது நானே என்று கண்ணீர் விடுகிறார். ஏகம்பன் உயிரோடு திரும்புகிறான். திம்மையன் பெருந்தன்மையோடு தானே முன்னின்று திருமணத்தை நடத்திவைக்கிறான். கொலைகாரன் கையால் அட்சதை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்தது சூடான கோபம் அல்ல. உள்ளே எல்லாம் உறைந்து, அமைதியாகிவிட்டது.

பதிப்பாளருக்குத் தொலைபேசினேன். மரியாதை தெரிந்த மனிதர், சார் போடாமல் பேசமாட்டார். நாவல் பாதியில் நின்றிருந்தது என்றார். முடிந்துதான் இருந்தது என்றேன்.

“கொன்னது யாருன்னே இல்லையே சார்?”

“இருக்கிறது.”

“எந்தப் பக்கத்துல சார்?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? முறையாக அனுமதி வாங்கித்தான் செய்தோம், எழுத்தாளர் அம்மாவின் கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். முதல் பதிப்பு தீரப்போகிறது, இந்த வாரமே இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது, குடும்பத்தார் ஏதாவது மாற்றச் சொன்னால் அதற்குமுன் சொல்லட்டும் என்றும் சொன்னார். அப்படியானால் எல்லாம் மாமாவின் ஒரு சொல்லில் இருந்தது. அன்று மாலையே பிள்ளையார்பாளையம் போனேன்.

தெரு முனையிலேயே விஜயா பிடித்துக்கொண்டாள். உன் எதிர்வீட்டு விஜயாதான், உன் தொடர்கதை வரும் நாட்களில் பத்திரிகைக்காரனை வழியிலேயே மடக்கிப் பிடித்தவள். மாமாவின் பிரதி இப்போது அவளிடம் இருக்கிறதாம், தெருவே வரிசையில் நிற்கிறதாம்.

“யாரு சார் அந்தச் சாமியாரு?” என்றாள். “முன்னாடி எங்கயும் காணோம். பஸ்ஸு மாறி எறங்கிட்ட மாதிரி வந்து நிக்கறாரு. அந்தப் பொண்ணு தறியில ஒக்காந்துக்கினு இருந்திச்சு. அப்ப வாசல்ல காவல் காத்தேன்னானே, அவனை இல்ல புடிக்கணும்? அவன் கையாலயே தாலி எடுத்துக் குடுக்க வெச்சிருக்குது உங்க அக்கா. உடம்பு சரியில்லாதப்ப எழுதிச்சோ?”

அது அக்கா எழுதியதல்ல என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. “அதான பாத்தேன்” என்றாள். அந்த இரண்டு சொற்களைவிட நல்ல விமர்சனம் உனக்கு எங்கும் வந்ததில்லை.

மாமா தறியில் இருந்தார். நீ போன பிறகு அவர் கோர்வை நெய்வதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். உடலும் கரையும் ஒரே நிறமாக, ஒருவரே நெய்துவிடக்கூடிய சேலைகளுக்கான பாவு நூலையே வாங்கித் தறியில் போடுகிறார். இடப்பக்கத்துப் பலகையில் அவருடைய கண்ணாடிக் கூடும் தண்ணீர்ச் சொம்பும் இருந்தன. வேறு யாரையும் அங்கே உட்காரச் சொன்னதில்லையாம்.

வந்த விஷயத்தைச் சொன்னேன், முறையாக, காரணங்களோடு. உன் படைப்பில் அன்னியர் கை பட்டது குற்றம் என்றேன். கொலையாளி தப்பித்துவிட்டான் என்றேன். மாமா நாடாவை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார் என்பது மெதுவாக எனக்குப் புலப்பட்டது. அந்தப் பகுதியை ஆள் அனுப்பி அவருக்குப் படித்தே காட்டியிருக்கிறார்கள்.

“சாமியாரு வர்றது எனக்கும் புடிக்கலதான், மச்சான்,” என்றார். “ஆனா அந்தப் பையன் திரும்பி வர்றான் பாரு. ஒருத்தராவது திரும்பி வரட்டுமேன்னு போட்டுட்டேன்.”

என் கோபம் யார்மேல் பாய வந்ததோ அந்த இடத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: அவளுடைய முடிவை அவள் எழுதியபடி ஒருமுறை வாசிக்கட்டுமா? தலையை அசைத்தார். உன் கைப்பிரதி பீரோவில், உன் சேலைகளுக்கு அடியில் இருந்தது. எடுத்து வந்து, தறிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன்.

அம்மன் பட்டுடுத்தி வரும் இடத்துக்கு வந்தபோது, அச்சில் நான் பார்க்காத சில வரிகள் உன் கையெழுத்தில் இருந்தன. கொசுவம் வைத்துக்கொண்டே குருக்கள் உதவியாளிடம் சொல்கிறார்: ‘மஞ்சள் கோட்டுக்கு மேலே இடக்கரை மட்டும் கொஞ்சம் அலைகிறது, பார். பழகாத கை. பிரிக்கச் சொல்லியிருக்கலாம். வேண்டாம், இருக்கட்டும், அம்மனுக்குத் தெரியும்.’ அவ்வளவுதான். மங்கைக்கு நெய்யத் தெரியாது. அவள் அன்று முதல்முறையாக உட்கார்ந்தவள். அவளுடைய தடுமாற்றம் அப்படியே துணியில் நின்று, ஊரார் கண்முன்னே அம்மனின் மேல் வீதியுலா வருகிறது. பதிப்பகத்தில் யாரோ இதைக் கதைக்குத் தேவையில்லாத வர்ணனை என்று வெட்டியிருக்கிறார்கள்.

வாசிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். நாடா நின்றிருந்தது.

“இன்னொரு வாட்டி படி,” என்றார் மாமா.

படித்தேன்.

“அது அவ போட்ட கரை,” என்றார். மீதியையும் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் முதன்முதலாக நீ இடப்பக்கம் உட்கார்ந்த அன்று கரை அலைந்துவிட்டதாம். ஒரு கை நீளத்துக்கு இழுப்பு சரியில்லை. உன் மாமனார் வந்து பார்த்து, பிரித்துவிட்டு மறுபடி நெய் என்றாராம். மாமா பிரிக்கவில்லையாம். கேட்டதற்கு, இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாராம். “அவ தலை குனிஞ்சிக்கினு இருந்தா. கேக்கலன்னு நெனச்சேன். இத்தினி வருஷம் வெச்சிருந்து எழுதியிருக்கறா பாரு.”

கொலையைக் கண்டுபிடிக்கும் துப்பு என்று நான் வியந்துகொண்டிருந்த அதே வரி, உன் கணவருக்கு நீ சொல்லாமல் வைத்திருந்த நன்றி. மர்மமும் காதலும் கலந்த கதை என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். கலக்கவில்லை, அக்கா. இரண்டும் உன்னிடம் ஒரே இழையாக இருந்திருக்கின்றன. என் வியப்பு அங்கே வேறொன்றாக மாறியது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குள் நுழைந்ததும் தானாகக் குரல் தாழ்ந்துவிடுமே, அது போன்ற ஒன்று.

மாமாவுக்கு வந்தது கோபம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “இதைப் பிச்சுப் போட்டுட்டா சாமியாரை உள்ள வுட்டாங்க?” என்றார். கடைசி இரண்டு பக்கங்களையும் வாசிக்கச் சொன்னார். திம்மையன் ‘ஆம்’ என்று சொன்னதும், மாட்டினான் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “அந்தப் பையன் திரும்பி வரமாட்டான், இல்ல?” என்று என்னைக் கேட்டார். வரமாட்டான் என்றேன். தறிக்குழியிலிருந்து ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“போன் போடு, மச்சான்.”

பதிப்பாளர் கிடைத்ததும் நானே பேசத் தொடங்கினேன். அழகாகக் கோத்த வாக்கியங்கள், சட்டத்தையும் தொட்டுக்கொண்டு. மாமா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். “ஐயா, சாமியாரு வேணாம். குருக்கள் சொன்னதை எடுத்துட்டீங்க, அதைத் திரும்பப் போடுங்க. எங்க ஊட்டுல எழுதுனது அவ்ளோதான். முடிஞ்சிருச்சு” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ வந்தது. வெளியூர் வாசகருக்கு எப்படிப் புரியும் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. “புரியாதவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். கேக்கறது ஒண்ணும் தப்பில்ல” என்று சொல்லிவிட்டு எப்படி அணைப்பது என்று தெரியாமல் என்னிடமே கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். இரண்டாம் பதிப்பு நீ எழுதியபடியே வரும். ஒரு சமாதானமும் கேட்டார்: வரலாற்றுப் பேராசிரியர் என்ற முறையில் கோர்வையை விளக்கி நான் ஒரு முன்னுரை எழுத வேண்டுமாம். விரும்பினால் படத்தோடு. எழுதமாட்டேன் என்றேன். மிக மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் அவர் மறுபடி கேட்கவில்லை.

அப்படியிருக்க, எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தில் நான் அவிழ்த்துக் கொட்டியிருக்கிறேனே என்று நீ கேட்கலாம். பொய் முடிவோடு உன் புத்தகத்தை வாங்கியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்களோ. அவர்களிடம் நான் வாயை மூடிக்கொண்டால் சபையில் திம்மையன் சொன்ன சாட்சியை நானும் ஏற்றுக்கொண்டவன் ஆவேன். ஏகம்பன் மௌனமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு அந்தக் காரணம் இல்லை.

மாமாவிடம் இனிக் கோர்வைப் பாவு வாங்குவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். “பாக்கலாம்” என்றார். அந்தப் பலகையிலிருந்து சொம்பை எடுத்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர் காரியம்.

உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இதுதான், அக்கா. இரண்டாம் பதிப்பின் அச்சுப் பிரதி வரும்போது ஒவ்வொரு எழுத்தையும் உன் கைப்பிரதியோடு ஒப்பிட்டு நானே பார்ப்பேன். எனக்குப் பிறகும் யாரும் உன் கதையை முடித்துவைக்க வராதபடி, செய்ய வேண்டிய ஏற்பாடுகளை நான் இருக்கும்போதே செய்துவிடுவேன். மங்கை என்ன செய்தாள் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, எனக்கும் தெரியாது என்று உண்மையைச் சொல்வேன். நீ ஒருத்திக்குத்தான் தெரியும். அது உன்னோடு இருக்கட்டும்.

நீ கேட்டவற்றுக்கெல்லாம் சான்று தேடித் தந்து, எதற்குக் கேட்டாய் என்று இப்போதுதான் அறிந்த

உன் உடன்பிறந்த தம்பி,
சண்முகம்